காரை விட இளைய எஞ்சின்

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கும் தொழிலில் கார் கிடைப்பது சுலபம். தொழிற்சாலையில் அதற்கென்று பூட்டிய எஞ்சின் கிடைப்பதுதான் பெரும்பாடு. எதையாவது தேடி நெடுநாள் அலைந்தவர் என்றால் உங்களுக்கும் இது விளங்கும். மொன்றியலில் சிவா அண்ணையின் கராஜில் நான் சேர்ந்த முதல் வருடம் அது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பிழை விட்டால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று உள்ளூர ஒரு பயம் இருந்தது.

மிராபெல்லில் இருந்து வந்த கார்

பக்கத்து நகரான லவாலில் இருந்து ராசன் அங்கிள் அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கமாரோ ஒன்றைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய மனைவியை மிராபெல் விமான நிலையத்தில் இருந்து அவர் ஏற்றிவந்த கார். பிள்ளைகள் பிறந்ததும், பெற்றோல் குடிக்கிறதென்று பெரிய எஞ்சினைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, சின்னதொன்றைப் பூட்டியிருந்தார். இப்போது அந்தப் பழைய எஞ்சினே வேண்டுமாம். கண் மங்கி வருகிறது. அடுத்த வருடம் லைசென்ஸ் இருக்காது.

"இந்தக் கோடைக்குள்ளை எடுத்துத் தாரும் பிள்ளை. அவவை அதே சத்தத்தோடை ஒருக்கா ஏத்திக்கொண்டு போகவேணும்."

விளம்பரம்

எஞ்சினின் உடலில் அதன் காருடைய இலக்கம் அடித்திருக்கும். கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெரியவரும். கராஜ் கராஜாக, வடக்கே பண்ணைக் கொட்டில்கள் வரைக்கும் போய்த் தேய்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் இணையத்தில் விளம்பரம் போட்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது என்று முழு இலக்கத்தையும் எழுதினேன்.

பத்தாம் நாள் ஒருவர் அழைத்தார். போய்த் தேய்த்துப் பார்த்தால் கடைசி எண் வரைக்கும் அதே இலக்கம். அங்கேயே நின்று அங்கிளுக்குப் போன் எடுத்தேன். அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "அவவுக்கு இப்ப சொல்லாதையும்."

பின்பக்கம்

எஞ்சின் வந்ததும் சிவா அண்ணை இலக்கத்தைப் பார்க்கவேயில்லை. பின்பக்கத்து அழுக்கைச் சுரண்டினார். இரும்பை வார்த்த திகதி அங்கே இருந்தது. கார் செய்து முடித்தது மார்ச்சில். எஞ்சின் வார்த்தது அதே வருடம் மே மாதம். காருக்கு இரண்டு மாதம் இளையது. அண்ணை ஏசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீர் நம்பரை விளம்பரத்திலை போட்டீர். அந்தாள் எஞ்சினிலை போட்டிட்டுது."

லவாலில்

போனில் சொல்ல மனம் வரவில்லை. மெட்ரோவில் போனேன், வழி முழுக்க ஒத்திகை பார்த்தபடி. முதலில் என் பிழையைச் சொன்னேன். எஞ்சின் அதே வகைதான், சத்தமும் அதேதான், விரும்பினால் பூட்டலாம், ஆனால் உங்களுடையது இல்லை என்றேன். பொய் இலக்கத்தோடு மனைவியை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிளின் மனைவி, அன்ரி, தேத்தண்ணியோடு வந்தா. எல்லாம் அடுப்படிக்குக் கேட்டிருக்கிறது. எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னா:

"அண்டைக்கு மிராபெல்லிலை இருந்து வரேக்கை வழி முழுக்க இவர் என்னவோ கதைச்சவர். எஞ்சின் சத்தத்திலை ஒரு சொல்லும் கேக்கேல்லை. தலையை மட்டும் ஆட்டினனான். சின்ன எஞ்சினிலையே போவம் பிள்ளை, இந்த முறையாவது கேக்கட்டும்."

அசல் எஞ்சின் தேடிக் கொடுக்கவென்று வேலைக்குச் சேர்ந்த நான் முடித்துக் கொடுத்த முதல் கார், பொருந்தாத எஞ்சினோடு அந்தக் கோடை முழுக்க லவாலைச் சுற்றியது. இதுவரை ஒரு முறைப்பாடும் வராத காரும் அது ஒன்றுதான்.