உள்ளங்கையில் ஏந்திய மருந்து

அடியார் பெருமக்களே, முருகன்மீது எனக்கிருந்த மனத்தாங்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் அருளியதைப் பிறகு சொல்கிறேன்.

என் பேத்தி யாழினிக்கு அகவை ஐந்து. தொண்டைச் சதை வளர்ந்து, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அறுவை செய்தே ஆகவேண்டும். சென்ற தைத் திங்களில் இந்த அயல்நாட்டில், ஆலன் நகரிலுள்ள எங்கள் இல்லத்திலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அறுவைக்கு முன் குழந்தையின் அச்சம் தணிய ஒரு மருந்து புகட்டுவார்கள். யாழினி அதைச் செவிலியரின் மேலாடையிலேயே உமிழ்ந்தாள். கதறியதில் மூச்சுத் திணறியது. அறுவையைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அன்றுமுதல் கந்தனிடம் முறையிட்டேன். பயன் தெரியவில்லை. இருமல் மருந்தைக் கண்டாலே குழந்தை கட்டிலுக்கடியில் ஒளிந்தாள். கேட்பது ஒரு வாய் மருந்து; அதற்குமா இத்தனை காத்திருப்பு? சினந்தேன். சோர்ந்தேன்.

மாசியில் மீண்டும் சென்றோம். செவிலியர் மருந்தோடு வந்ததும் யாழினி பற்களை இறுக்கிக்கொண்டாள்.

"ப்ளீஸ்டா செல்லம், ஒரே ஒரு வாய்" என்றாள் என் மகள் கயல்விழி.

"நோ. யூ ட்ரிங்க் இட்."

"அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன். இன்னைக்கும் கேன்சல் பண்ணிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் கண்களை மூடி, "முருகா, இனி உன் பாடு" என்று வாய்விட்டே கசந்து வேண்டினேன்.

கண் திறந்தபோது யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலக்கையைக் குவித்து, இடக்கையை அதன் அடியில் வைத்துச் செவிலியரிடம் நீட்டினாள்.

"லைக் டெம்பிள்" என்றாள்.

"இது தீர்த்தம் இல்லடா. மருந்துதான். கசக்கும்" என்றாள் கயல்விழி.

"ஐ நோ, அம்மா."

செவிலியர் மயக்க மருத்துவரைக் கேட்டுவந்து, உள்ளங்கையில் சிறிது சிறிதாக விட்டார். யாழினி முகம் சுளித்துச் சுளித்து உறிஞ்சினாள். சொட்டு மிஞ்சாமல் நக்கினாள். கோயிலில் செய்வதுபோலவே ஈரக் கையை உச்சியில் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, முடியெல்லாம் ஒட்டுதுடி" என்று கயல்விழி சிரித்தபடியே அழுதாள்.

சற்று நேரத்தில் குழந்தையின் கண்கள் சொக்கின. எங்களுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். அறுவை நலமே முடிந்தது.

தையிலேயே அருளியிருக்கலாமே என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. அதையும் அவனிடமே சொல்கிறேன். முன்பு போற்றி மட்டுமே பாடினேன். இப்போது வழக்கும் உரைக்கிறேன். நீங்களும் உங்கள் கசப்பை மறைக்காமல் அவன்முன் வையுங்கள். அவன் கேட்கிறான். அடுத்த அறையில் உறங்கும் குழந்தையின் மூச்சு, இடையறாமல் எனக்குக் கேட்கிறது.