முன்சக்கரத்தில் எலுமிச்சை வாசம்

மேட்டுத் தெருவில் யாராவது வீடு மாறுகிறார்கள் என்றால் பிக்கப் வண்டி ஓட்டுகிற பிக்கப்பம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, அந்தச் செங்குத்தான சரிவில் பூப்போல வண்டியை இறக்குவாள். அவளுடைய சித்தப்பா லாரிக்காரர். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தன்று லாரிக்கடியில் ரிப்பேர் பார்த்துக் கிடந்து, அண்ணியின் வாயில் ஆயுசுக்கும் விழுந்தவர். அந்த ரத்தம் இவள் உடம்பிலும் ஓடியது. சின்ன ரிப்பேருக்கெல்லாம் பட்டறைக்குப் போக மாட்டாள். வாசலிலேயே ஜாக்கி போட்டுவிடுவாள்.

புருஷனுக்குத் தெரு வைத்த பேர் மினுக்கர். கண் பார்வை மட்டு, லைசென்ஸ் கிடையாது. சாமான் ஏற்றுவதும் இறக்குவதும் வண்டியைக் கழுவுவதும் அவர் பொறுப்பு. அவர் துடைத்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தங்கமான மனுஷன்தான், ஆனால் தொட்டாற்சிணுங்கி. ஒரு சொல் கூடினால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மழை விட்ட சமயம். பிரேக்கை மிதித்தால் வண்டி உதறத் தொடங்கியது. ஸ்டியரிங் அவள் கையில் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கியது. அந்த வாரக் கடைசியில் மகள் புது வீட்டுக்குக் குடிபோகிறாள். வயிற்றில் பிள்ளை வேறு. சாமானோடு அவளையும் ஏற்றிக்கொண்டு அதே சரிவில் இறங்கியாக வேண்டும். சரிவு முடிகிற இடத்தில் ரயில் பாதை.

முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாள். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, பிரேக் டிஸ்க், வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஏன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கி வந்த வண்டியின் சக்கரம் அடுப்புச் சட்டியாகக் கொதிக்கும். மினுக்கர் அதன் மேல் ஓஸ் பைப்பைத் திருப்பிவிடுவார்.

"சூட்டோட தண்ணி அடிச்சா இரும்பு கோணிக்கும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"அழுக்கோட நிக்கணுமா? சரி தாயே. இனிமே சக்கரத்துக்குத் தண்ணியே காட்டல. போதுமா?"

அன்று ராத்திரி தட்டு தள்ளிவைக்கப்பட்டது.

மறுநாள் பகலெல்லாம் அவள் வாசலில்தான். வண்டி சரியாதபடி பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். பிரேக்கைப் பிடிக்கிற கேலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாமல் கம்பியால் மேலே கட்டினாள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்த பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தாள். புது டிஸ்க்கில் கம்பெனிக்காரன் தடவியிருந்த எண்ணெயைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தாள். அப்புறம் அதன் முகத்தில் விரல் படவிடவில்லை.

"குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரில்ல துடைக்கிற" என்றாள் பக்கத்து வீட்டில் இருந்த சம்பந்தியம்மா, மகளின் மாமியார்.

"எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பிரேக் வழுக்கிரும் மதினி. கல்யாணப் பேச்சுல மாப்பிள்ளைப் பையன் வழுக்கினா ரெண்டு பேச்சோட போகும். இது அப்படியில்ல."

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போட்டு, பெடலை இறுகும்வரை மிதித்து, சமதளத்தில் நாலைந்து தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நின்றது. நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிகாலையில் அவளுக்கு முன்னால் எழுந்தவர் மினுக்கர். மகளின் நாளாயிற்றே, வண்டி ஜொலிக்க வேண்டாமா? துடைத்துக்கொண்டு வந்தவரின் கண்ணில் பட்டது, சக்கர ஓட்டைக்குள் செம்பழுப்பு நிறம். ராத்திரிப் பனிக்குப் புது இரும்பு லேசாகத் துருப்பூத்திருந்தது. நாலு அடி ஓட்டினால் தானே உதிர்கிற துரு. ஆனால் அது அவருக்குத் தெரியாது. தண்ணீர் கூடாது என்று சத்தியமும் செய்தாகிவிட்டது. டயருக்கு அடிக்கிற பாலிஷ் டப்பா கையில் இருந்தது, எலுமிச்சை வாசம் போட்டது. குழாயை ஓட்டைக்குள் விட்டு இரண்டு முன்சக்கரத்துக்கும் தாராளமாக அடித்தார். துரு மறைந்தது. இரும்பு கண்ணாடியாயிற்று.

சாமான் ஏறியது. மகள் முன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மினுக்கர் பின்னால், பீரோவைப் பிடித்துக்கொண்டு.

"என்னம்மா வண்டியே மணக்குது?"

"உங்கப்பா கைவரிசை. உன் கல்யாணத்துக்குக்கூட இப்படி மினுக்கல."

சிரித்துக்கொண்டேதான், பிரேக்கைத் தொடாமலே, சரிவின் தலைக்கு வந்தார்கள். அவள் மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது, வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். சக்கரம் வெண்ணெயில் கத்தி போலப் போய்க்கொண்டே இருந்தது. கீழே ரயில்வே கேட் மெல்லத் தாழ்வது தெரிந்தது.

"அம்மா, மெதுவா."

அவள் கிளட்சை மிதித்தாள். கியரைக் கீழே இறக்கினாள். எஞ்சின் அலறியது. கைபிரேக்கைப் பிடுங்குவதுபோல இழுத்தாள். வண்டி பின்பக்கம் ஆட, தன் பக்கத்தை மதில் சுவரோடு உரசவிட்டாள். கண்ணாடி போயிற்று, கதவு கிழிந்தது. கேட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் நின்றது. மகள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. பீரோ சாய்ந்து மினுக்கரின் முழங்கால் நசுங்கியது.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, அவள் சக்கரத்தருகே குனிந்தாள். கருகல் வாடைக்கு நடுவே எலுமிச்சை வாசம். புரிந்துவிட்டது. யாரும் வருவதற்குள் முந்தானையால் துடைத்தாள்.

"பொம்பள போட்ட பிரேக்கு, வேறெப்படி இருக்கும்?" என்றது தெரு. மருமகன் நேரிலேயே கேட்டான், "பட்டறையில குடுத்திருக்கலாமே அத்தை?" அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிற மனுஷனிடம் எதைச் சொல்வது? தட்டைத் தள்ளிவைப்பதோடு நிற்கிற விஷயமா இது?

அன்றிலிருந்து வண்டி எடுக்குமுன் முன்சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்ப்பது அவள் வழக்கமாயிற்று. "பிக்கப்பம்மா டயருக்கு முத்தம் குடுக்குறா" என்று தெருவே சிரித்தது. கிழிந்த கதவைச் சரி செய்தாள், பிரேக் கட்டைகளை மாற்றினாள். வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். மினுக்கரோ கட்டு பிரித்ததும், சாய்ந்து சாய்ந்து நடந்து, மறுபடி துணியை எடுத்துவிட்டார்.

மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கி, புறப்படுகிற காலை அது. பச்சைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டாள். பிக்கப்பம்மா வழக்கம்போலக் குனிந்தாள்.

எலுமிச்சை.

எழுந்தாள். பிறகு மகளை இறங்கி உள்ளே போகச் சொன்னாள். புருஷனைக் கூப்பிட்டாள்.

"பேரன் போற வண்டியாச்சே, நல்லா அடிச்சிருக்கேன் பாத்தியா? அன்னிக்கு மாதிரியே" என்று வந்தார் அவர்.

"இங்க உக்காருங்க."

காலை நீட்டி, சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துச் சக்கர ஓட்டைக்குள் விட்டு, ஆள்காட்டி விரலை டிஸ்க்கின் மேல் வைத்து இழுத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இதுலதாங்க பிரேக் பிடிக்கணும்" என்றாள்.

அவர் விரலைப் பார்த்தார். மோந்து பார்த்தார். நீட்டியிருந்த தன் முழங்காலைப் பார்த்தார். உள்ளே குழந்தை அழுதது.

அவள் தின்னரையும் பழந்துணியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, ஜாக்கியை எடுக்கப் போனாள்.