மூன்றாம் கட்டத்தில் ஜெனீவா

போன சனிக்கிழமை என் சிநேகிதியின் மகள் ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கார்ஹிங் என்ற ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு ஐந்தாறு நாடு சுற்ற ரயில் பாஸ் வாங்கியிருக்கிறாள். பாஸ் என்றால் கையில் பிடிக்க ஒன்றுமில்லை, எல்லாம் தொலைபேசிக்குள். எனக்குக் காட்டுகிறேன் என்று விரலை வைத்தவள் தவறுதலாக ஒரு பயண நாளைத் தொட்டுவிட்டாள். அவளைவிட நான்தான் பதறினேன்.

"ஏன் அன்ரி பயப்பிடுறீங்கள்? இஞ்ச பாருங்கோ, அழிச்சாச்சு."

"எழுதின நாளை அழிக்க ஏலுமோ?"

"ஓம். அந்த நாள் தொடங்க முதல் எத்தினை தரமும் மாத்தலாம்."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள். எனக்கு மாமியின் முகம் கண்முன்னே வந்து நின்றது. அன்றைக்கு நான் எழுதிய ஒரு ஊரை அழிக்க முடிந்திருந்தால் அந்த மனுசியை நான் இத்தனை வருடம் வயிற்றில் சுமந்திருக்கமாட்டேன்.

எனக்கு அப்போது இருபது வயது. ஹனோவரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். மற்றவர்களின் மூக்கின் அளவெல்லாம் எனக்கு அத்துப்படி, என் மூக்கின் கீழே நடப்பது மட்டும் தெரியாது. அந்த வருடம் ஒரு பாஸ் வாங்கினேன். கடதாசிப் பாஸ். ஒரு மாதத்துக்குள் எந்த நான்கு நாளும் பயணம் செய்யலாம். நான்கு நாளுக்கு நான்கு கட்டம். ரயில் ஏறுமுன் கட்டத்துக்குள் பேனையால் திகதியையும் போகும் ஊரையும் எழுதவேண்டும். வெட்டித் திருத்தினால் பாஸ் செல்லாது. அதனுடைய மை மணமும் மஞ்சள் உறையும் இப்போதும் என் மூக்கில் இருக்கின்றன.

வீட்டில் சொன்னது பாரிஸ், சூரிச், திரும்ப வீடு. சொல்லாதது மிலான். மிலானில் என் அண்ணா இருந்தான். அவன் விரும்பிக் கட்டிய பெண்ணின் வீட்டைப்பற்றி மாமி ஊரெல்லாம் விசாரித்துவந்து அப்பாவிடம் சொன்ன வசனம், "அவை எங்கட ஆக்களில்லை." அதோடு சரி. அப்பா அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். இரண்டு வருடம் நாங்கள் எடுக்கவில்லை. இப்போது அவனும் மனைவியும் அவுஸ்திரேலியாவுக்குப் போக இரண்டு கிழமைதான் இருந்தது. "ஒருக்கா வந்திட்டுப் போ தங்கச்சி" என்று தொலைபேசி அட்டையில் எடுத்துக் கேட்டிருந்தான். அந்த மூன்றாம் கட்டம் அவனுக்கு.

இந்த மாமி யார் என்று சொல்லவில்லையே. அம்மாவின் அண்ணன் மனைவி. எங்களுக்கு முன்பே ஜேர்மனிக்கு வந்தவர். நாங்கள் வந்த புதிதில் ஏழு மாதம் அவருடைய வீட்டில்தான் கிடந்தோம். அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்கவிடவில்லை. ஒரு ஞாயிறு வந்தவர் மேசையில் கிடந்த பாஸை எடுத்துப் பார்த்தார்.

"நாலு பெட்டி கிடக்கு. பாரிஸ், சூரிச், வீடு. மற்றது என்னத்துக்குப் பிள்ளை?"

"கிடந்த பாஸ் இதுதான் மாமி."

மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே படித்திருக்கவேண்டும்.

இரண்டு நாள் கழித்து மாமியிடமிருந்து இரண்டு பார்சல் வந்தது. எங்கள் ஆக்களிடையே யாராவது ரயில் ஏறினால் அவர் மனிதர் இல்லை, தபால் வண்டி. மிளகாய்த்தூள், பயற்றம் பணியாரம், சீலை, எல்லாம் அவர் தலையில். அதிலும் பாஸ்காரி என்றால் கேட்கவே வேண்டாம். மாதச் சீட்டுப்போல எத்தனை தரமும் ஏறி இறங்கலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரு பார்சல் சூரிச்சில் வசந்தி அக்காவுக்கு. மற்றது ஒரு அன்ரிக்கு. "அவவும் சுவிஸ்தான். கையிலதான் குடுக்கவேணும்" என்றார் மாமி. எனக்குத் தூள் மணத்தோடேயே பாரிஸ் கழிந்தது. கோபுரம் பார்க்கப் போன இடத்திலும் ஒருவன் என் பையை முகர்ந்து பார்த்தான்.

சூரிச்சில் வசந்தி அக்கா அன்ரியின் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இது ஜெனீவா எல்லோ? மூண்டு மணித்தியாலம். அவ வேலை முடிஞ்சு வர ஆறு மணியாகும்" என்றார். அந்த நேரத்துக்குப் பிறகு மிலானுக்கு ரயில் இல்லை. அதற்கு அடுத்த நாள் நான் வீட்டுக்கு ரயில் ஏறவேண்டும், திங்கள் காலை கடை. வேறு டிக்கெட் வாங்கக் கையில் ஒன்றுமில்லை. மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். "பாஸ் தானே பிள்ளை, சும்மா தானே" என்றார். பத்து நிமிடத்தில் அப்பா எடுத்தார். "மாமி இல்லாட்டி நாங்கள் இஞ்ச இல்லை. போய்க் குடுத்திட்டு வா."

தேநீர் ஊற்றிக்கொண்டே வசந்தி அக்கா கேட்டார், "நீ மிலானுக்குப் போறியோ? மாமி போன கிழமை எடுத்து, இஞ்ச இருந்து மிலானுக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு கேட்டவா."

மாமி தெரிந்தேதான் அந்தப் பார்சலைத் தந்திருக்கிறார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஆனாலும் காலையில் நிலையத்தில் நின்று மூன்றாம் கட்டத்தில் ஜெனீவா என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். அந்தக் கோழைத்தனத்துக்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை, மாமியை எப்படி மன்னிப்பேன்?

ரயிலில் ஆறு பேர் இருக்கும் அறைப்பெட்டி. நான் மட்டும்தான். வெளியே ஏரி, மலை, எல்லாம் வீணாக அழகாக இருந்தன. பார்சலை உடைத்தேன். உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சீலை, பெட்டியோடு. எங்கள் சடங்குச் சீலைகள் எங்களைவிட அதிகம் ஐரோப்பா சுற்றியவை என்பது உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு வீட்டில் வாங்கியதை அலுமாரியில் வைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது. அதில் பிழையில்லை, பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கவேண்டும். மாமி பிரிக்கவில்லை. மடிப்புக்குள் ஒரு சின்ன அட்டை. "நிரோஜாவுக்கு, சாமத்தியச் சடங்கு வாழ்த்துகள்." கீழே ஜெனீவா அன்ரியின் கையெழுத்து. நிரோஜா மாமியின் மகள், அவள் பெரியபிள்ளையானதற்கு வந்த சீலை. ஜெனீவா அன்ரியின் எஞ்சினியர் மகனுக்கு நிரோஜாவைப் பேச மாமி ஒரு வருடமாகத் தவம் கிடந்தார். அந்தத் தவத்துக்குத்தான் இந்தச் சீலை. கொடுத்தவருக்கே திரும்பிப் போகிறது.

எங்கள் ஆக்களின் பிள்ளை எதுவாக இருந்தாலும் அந்த அட்டையைக் கிழித்து ஜன்னலால் எறிந்திருக்கும், குடும்ப மானம் காத்திருக்கும். நான் அதை மடிப்பிலிருந்து எடுத்து, சீலைக்கு மேலே, பெட்டி திறந்தவுடன் தெரியும்படி வைத்தேன். பார்சலை முந்தியதைவிட அழகாகச் சுற்றி ஒட்டினேன்.

ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்த அன்ரி என் முன்னாலேயே பிரித்தார். அட்டையை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். "மாமிக்குச் சொல்லு, கிடைச்சது எண்டு" என்றார், குரல் உயர்த்தாமல். எனக்குச் சோறு போட்டார். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், அவ்வளவு ருசி. கலியாணப் பேச்சு அந்த மாதமே முறிந்தது.

அதுவரை சொல்லத் துணியாதவள், சாப்பிட்டு முடிந்து அங்கிருந்தே அண்ணாவின் வீட்டுக்கு எடுத்தேன். மதியத்திலிருந்து மிலான் நிலையத்தில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறான். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு சீலை குடுக்கவோ நிண்டனி?" என்றான். பிறகு, "நீயும் அவையோடதான் என்ன" என்றான்.

அவுஸ்திரேலியா போனபின் இரண்டு தரம் எடுத்தான். பிறகு அவன் இலக்கம் மாறிவிட்டது. புது இலக்கத்தை யாரும் எனக்குத் தரவில்லை, தரவேண்டாம் என்று அவன் சொன்னதாகக் கேள்வி.

நிரோஜா பிறகு ஒரு ஜேர்மன்காரனைக் கட்டினாள். நல்ல பொடியன், நிரோஜாவும் நல்லவள், அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கலியாணத்தில் மாமி பட்டுடுத்தி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஆடினார். ஆக்கள் எந்த ஆக்கள் என்று அன்று மாமி ஒருவரையும் விசாரிக்கவில்லை. அப்பா முன்வரிசையில் இருந்து கைதட்டினார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இப்போது கடதாசிப் பாஸை யாரும் கொண்டு திரிவதில்லை. கதவு இழுத்து மூடும் அறைப்பெட்டிகள் குறைந்துவிட்டன. பார்சல் கட்டியவர்கள் கூரியரில் போடுகிறார்கள். மிலானுக்கு நான் நினைத்த நேரம் போகலாம். போய் அந்த மேடையில் யாரைப் பார்ப்பது? மாமிக்கு ஒரு மருமகன் போனான், இன்னொருவன் வந்துவிட்டான். எனக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணா.