பதினான்கு நாள் கருநாக்கு

காலை ஆறு மணி பத்து நிமிடம். குளியலறைக் கண்ணாடியில் முதலில் தெரிந்தது என் நாக்கு. நுனியைத் தவிர மற்றதெல்லாம் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல் கறுப்பாக இருந்தது.

எனக்கு அதிர்ச்சி இல்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல். எங்கள் காஞ்சிபுரம் கோயில் இட்லியில் போடும் மிளகுதான் காரணம் என்று நினைத்து, பாவம், இட்லியை விலக்கி வைத்திருந்தேன். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். அதற்குக் காரணம் மிளகு அல்ல, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஊரில் பலர் வயிற்றில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும், சிலருக்குத்தான் புண்ணாகும், விட்டுவிட்டால் வெகு சிலருக்குப் புற்றுநோய் வரைகூடப் போகும் என்றார். பதினான்கு நாள் மாத்திரை. அதில் ஒன்று பிஸ்மத். நாக்கு கறுக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும், ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது, கிருமிக்கு மருந்து பழகிவிடும்.

இது என் தெருவுக்குத் தெரியாது. நாக்கில் கறுப்பு இருப்பவன் சொன்னது பலிக்கும் என்பது மட்டும் தெரியும்.

அன்று பல் துலக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு நெசவாளர் தறிக்கான பட்டு நூல் பாவு ஒன்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் திரண்டிருந்தது. நான் கொட்டாவி விட்டேன். அவர் அருகில் வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். மாத்திரை என்று விளக்கினேன்.

"அது இன்னாவோ இருக்கட்டும்ணா. மழை வராதுன்னு ஒரு வார்த்த சொல்லு. பாவு தெருவுல கெடக்குது."

"வராதுப்பா" என்றேன்.

வரவில்லை. பாவு நூலைச் சுருட்டி அவர் வீட்டுக்குள் கொண்டுபோவதற்குள் செய்தி பெரிய காஞ்சிபுரத்தில் பாதி தூரம் போயிருந்தது.

மத்தியானம் அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரர் காலமாகிவிட்டதால், அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தாய்மாமனான நான்தான் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

"நாக்க நீட்டு" என்றாள். நீட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளைக்கி அந்த மாத்திரைய நிறுத்துடா."

"கூடாதுக்கா. கிருமி போவாது."

"அப்போ நல்லபடியா முடியும்னு சொல்லு. இல்லன்னா வாயையே தொறக்காத."

சாயங்காலம் அக்கா மகள் வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்பது பையன் வீட்டு நிபந்தனை. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

"மாமா, நடக்காதுன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லு மாமா. ப்ளீஸ்."

"இது பிஸ்மத்துமா. நீ படிச்ச பொண்ணு."

"படிச்சதெல்லாம் இருக்கட்டும். ஒரு சான்ஸ் எடுத்துப் பாக்கலாம்ல?"

இரண்டு பேருக்கும் ஒன்றும் சொல்லாமல் வெள்ளிக்கிழமை வரை தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் கைக்குட்டையை வாயில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கேசரியும் போண்டாவும் வந்தன. பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையனின் அம்மா என்னைப் பார்த்தார்.

"மாமா இன்னா வாயே தொறக்கல? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லியா?"

"தொண்ட கட்டிக்கினு இருக்குதும்மா" என்றாள் அக்கா.

அப்போது பையனின் அப்பா போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு நெஞ்சுக்குழிக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினார். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

"சாப்ட்டாலும் எரியுது, பசிச்சாலும் எரியுது. ஒரு வருசமா மிளகு, காரம் எல்லாத்தையும் வுட்டுட்டேன். ஒண்ணும் கேக்கல" என்றார் பொதுவாக.

கைக்குட்டையை எடுத்தேன்.

"மிளகு இல்லீங்க. உங்க வயித்துல கிருமி இருக்கலாம். ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். பையன்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். பையனின் அம்மா கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காபி டம்ளர்களோடு நின்ற அக்கா மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு குலுங்கினாள். காபி சிந்தியது.

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். அது எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கிருமியை அனுப்பிவைத்ததே நான் என்று ஆகியிருந்தது.

மறுநாள் பையனின் அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. "பொண்ணு தங்கமான பொண்ணும்மா. மாமா வாக்குதான் பயமா இருக்குது. நாளைக்கி ஏதாச்சும் கோவத்துல சொல்லிட்டாருன்னா?" அத்தோடு சம்பந்தம் முடிந்தது. அதே நேரத்தில் பையனின் அப்பா எனக்குத் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் தணிந்த குரல். "சார், அந்த டாக்டர் எங்க உக்காறாரு?"

பரிசோதனையில் அவருக்கும் கிருமி இருந்தது. அவருக்கும் அதே பதினான்கு நாள் மாத்திரை. நாக்கு கறுத்ததும் போட்டோ எடுத்து அனுப்பினார். வீட்டில் இப்போது தன் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பதாகக் கீழே எழுதியிருந்தார்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மாத்திரை தீர்ந்து என் நாக்கு பழைய நிறத்துக்கு வந்த பிறகு, ஒரு தூக்கில் கோயில் இட்லியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனை எடுத்தேன். கிருமி இல்லை.

அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பேருந்து நிலையத்தில் அக்கா மகளைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.