இரண்டு தட்டினால் கிளம்பும் வீடு

நாங்கள் வீடு என்று சொல்லிக்கொண்டது ஒரு பழைய ஷிஃப்ட் வேன். ஒசூர் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றி ஓடி ஓடித் தேய்ந்த வண்டி. என் கணவர் பல வருடம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். விருப்ப ஓய்வு என்று சொல்லி அவரை அனுப்பியபோது அந்த வேனையும் காயலான் கடைக்குத் தள்ளிவிட இருந்தார்கள். அவர் அதைப் பேசி வாங்கி வந்துவிட்டார். சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, ஸ்டவ்வுக்கு மேடை அடித்து, என் பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை மாட்டினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இரண்டு நாய்கள். இரண்டும் தெருவில் கிடைத்தவை. நாய் இருக்கிறது என்றாலே வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். போங்கடா என்று கிளம்பிவிட்டோம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை.

போகிற ஊரில் பம்ப்செட், மிக்சி என்று எது பழுதானாலும் அவர் பார்த்துக் கொடுப்பார். பொழுது ஓடியது. இப்போது நினைத்தால் எல்லாமே பாதித் தூக்கத்தில் பார்த்ததுபோல் வருகிறது. கண் விழிக்கும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, எழுந்து பார்க்கவும் தோன்றாது. வெளியே நடப்பவர்கள் கன்னடம் பேசினால் தளிப் பக்கம். தெலுங்கு என்றால் வேப்பனப்பள்ளி. மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வந்தால் ஒசூரை விட்டு இன்னும் நகரவே இல்லை என்று புரிந்துகொண்டு திரும்பிப் படுப்பேன். ஜவளகிரியில் பனி திரையைத் தாண்டி உள்ளே வந்து போர்வையெல்லாம் ஈரமாகும். நாய்கள் என் காலடியில் சுருண்டு, கனவில் எதையோ துரத்தி, வாய்க்குள்ளேயே குரைக்கும். சூளகிரி மலை ஒரு நாள் ஜன்னலில் இருக்கும், மறுநாள் இருக்காது. மலைதான் எங்கோ கிளம்பிப் போய்விட்டது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

வேனின் நிறத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. அதனால் விடிகாலையில் ரோட்டோரம் நிற்கும் ஷிஃப்ட் ஆட்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டுவார்கள். ஒருவர், வண்டி வேகத்தடையில் மெதுவானபோது ஏறியே விட்டார். டீ போட்டுக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கட்டிலில் உட்கார்ந்து, டிபன் டப்பாவை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பெரிய நாய் அவர் தோளில் தலையைச் சாய்த்தது. தொழிற்பேட்டை வாசலில் நான் எழுப்பி இறக்கிவிட்டபோது, "புது வேனாக்கா? சீட்டு நல்லா மெத்துனு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய நாய்க்குக் கியர்மேல் உட்காரும் ஆசை இருந்தது. அதற்காக ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு தடுப்பு அடித்தார். அவர் முன்னால், நானும் நாய்களும் பின்னால். கத்தினாலும் கேட்காது. அதனால் பஸ் கண்டக்டர் முறையையே வைத்துக்கொண்டோம். தகரத்தில் ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும், இரண்டு தட்டு என்றால் போகலாம். நான் இரண்டு தட்டாமல் அவர் வண்டியை எடுக்கமாட்டார். எங்கள் குடும்பத்தில் என் சொல் செல்லுபடியானது அந்தத் தகரத்தில்தான்.

இதெல்லாம் இனித்தது உண்மை. அலுத்ததும் உண்மை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், காலை நீட்டினால் எதிலும் இடிக்கக்கூடாது என்று ஏங்க ஆரம்பித்தேன். ஒசூரில் ஒரு மாடி வீடு பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. வீட்டுக்கார அம்மாவும் நல்ல மாதிரி, நாய் மட்டும் கூடாது என்றார். நாலு நாளில் பதில் சொல்கிறேன் என்று வந்து இவரிடம் சொன்னேன்.

"நாயிங்க எங்க போவும்?" என்றார்.

"நான் எங்க போவேன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

சின்ன நாயின் காதில் உண்ணி பார்க்க ஆரம்பித்தார். அவர் இப்படி நழுவினால் எனக்குக் கோபம் தலைக்கேறும். "நான் மட்டும் போயி அந்த வீட்ல இருக்கறேன். நீங்களும் உங்க நாயிங்களும் ஊர் ஊரா சுத்துங்க" என்றேன். வெறும் வாய்ச்சொல் இல்லை. அப்போது அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினோம். இருவருக்கும் பேச்சு இல்லை. குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தினார். நாய்களுக்குப் பால் வாங்க நான் இறங்கிப் பக்கத்துக் கடைக்குப் போனேன். போகிறேன் என்று சொல்லவில்லை. தட்டாமல் எடுக்கமாட்டார் என்ற தைரியம்தான். பால் பாக்கெட்டோடு திரும்பும்போது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. தடுப்பை ஒட்டிய பக்க ஜன்னலில் இரண்டு நாய்களும் என்னைப் பார்த்துச் சந்தோஷமாக வாலாட்டின. பெரியதன் வால் தகரத்தில் படுவதை அப்போதுதான் கவனித்தேன். நான் கடையிலிருந்து வருவதைப் பார்த்த குஷியில் அது எனக்கு முன்பாகவே தட்டிவிட்டிருக்கிறது.

கத்தினேன், ஓடினேன், லாரிகளுக்கு நடுவே யார் கேட்பது? எங்களிடம் செல்போன் கிடையாது. திரும்பி வந்தால் எதிர்ப்பக்கமாகத்தான் வருவார் என்று ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். அப்புறம் திட்டக்கூடத் தோன்றவில்லை. வெயிலில் ரோடு தண்ணீர்போல் அலைந்தது. தூரத்தில் வெள்ளையாக எது வந்தாலும் எங்கள் வண்டி மாதிரியே இருந்தது, கிட்டே வந்ததும் வேறாகிவிட்டது.

ஒசூர் பஸ் ஒன்று என் முன்னால் வந்து நின்றது.

"ஒசூர், ஒசூர்! ஏறும்மா!" என்றார் கண்டக்டர்.

கம்பியைப் பிடித்துவிட்டேன். ஏறி உட்கார்ந்தால் போதும், அந்த மாடி வீடு. நான் சொன்ன சொல்லை நானே காப்பாற்றியதாகவும் இருக்கும். அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணகிரியில் இவர் பின்கதவைத் திறப்பார். கட்டில் காலியாக இருக்கும். தொலைந்துவிட்டேன் என்று நினைக்கமாட்டார், போய்விட்டேன் என்றுதான் நினைப்பார்.

"வீட்டுக்குப் போவணும்னா ஏறும்மா, லேட்டாவுது."

"வீடு இங்கயே வரும். நீங்க போங்க" என்று கையை எடுத்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்து வண்டி வந்தது. அவர் இறங்கிய விதத்தைப் பார்த்ததும் தயாராக வைத்திருந்த வசவையெல்லாம் அப்புறத்துக்கு ஒத்திவைத்தேன். சட்டை நனைந்திருந்தது. கிட்டே வரவே பயந்ததுபோல் நின்றார்.

"பஸ் ஏறிட்டேன்னு நெனச்சேன்" என்றார். "ஒசூருக்குத்தான் வந்துகிட்டிருந்தேன், அந்த வீட்டுக்கு."

"வந்து?"

"நீ அந்த வீட்லயே இரும்மா. நான் சண்டைக்கு வரல. வண்டிய உன் வீட்டு வாசல்ல போட்டுக்கறேன். நாயிங்களும் நானும் அதுலயே இருந்துக்கறோம். காலையில நீ மேல ஜன்னலத் தொறந்தா தெரியற மாதிரி நிப்பாட்டறேன். அது போதும் எனக்கு."

ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பதையெல்லாம் மறந்து நான் அழுதேன். பின்னால் ஏறவில்லை. அவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து, கிருஷ்ணகிரி வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். நாலு நாள் ஆகியும் அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை.