இறால் தராசில் எல்லம்மா

தருமன் பி.எஸ்ஸி. தேறியபோது அவன் ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் எட்டாவதைத் தாண்டியவர் வேறு யாருமில்லை. இரண்டு வருஷம் சும்மா கிடந்தபின், எண்பத்து நாலில், சென்னை மருத்துவமனை ஒன்றின் திட்டத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது. அளவுமீறிப் பருத்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை.

"கஞ்சிக்கே வழியில்ல, கொழுப்புக்கு வைத்தியமா?" என்று ஊர் சிரித்தது. தருமனுக்கும் உள்ளூர அதே கேள்விதான். ஏரியைச் சுற்றி அலைந்ததில் அவனுக்கு அகப்பட்டது ஒரே பிள்ளை, எல்லம்மா. பத்து வயசு. நாலடி நடந்தால் மூச்சிரைக்கும். அம்மா குப்பம்மா கருவாட்டுக்காரி.

படகும் பஸ்சும் ரயிலும் மாறி மாதாமாதம் பட்டணம் போக அவர்களால் ஆகாது. டாக்டர், பிள்ளை என்ன சாப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எடையை மட்டும் மாதாமாதம் தபாலில் அனுப்பச் சொன்னார். பால்வாடியில் தொங்கிய தராசு இருபத்தைந்து கிலோவுக்கு மேல் காட்டாது. கரையில் இறால் வாங்கும் அங்கமுத்துவின் பெரிய தராசு தருமனுக்குத்தான் ஞாபகம் வந்தது. நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

வலை வந்து இறங்கிய நேரம். கூடைகளை நகர்த்திவிட்டு எல்லம்மாவை ஏற்றினார்கள். ஐம்பத்திரண்டு கிலோ.

"எறா கிலோவுக்கு முப்பது உருப்படி நிக்கும். இது ஒண்ணே அம்பது கிலோ நிக்குதுப்பா!" என்றான் அங்கமுத்து. "இன்னா தருமா, ஐஸ் போட்டு அனுப்பிடலாமா?"

கரையே சிரித்தது. தருமனும் கொஞ்சம் சிரித்துவிட்டான். திரும்பும் வழியெல்லாம் எல்லம்மா விசும்பிக்கொண்டே வந்தாள். அவளைத் தேற்றத்தான் சொன்னான்: "நீ இருவத்தஞ்சுக்குக் கீழ வந்துட்டேன்னு வை, பால்வாடியிலயே போட்டுக்கலாம். இங்க வரவே வேணாம்."

மூன்றாம் மாதம் நாற்பத்தைந்து. ஐந்தாம் மாதம் முப்பத்தாறு. ஏழாம் மாதம் இருபத்தேழு. டாக்டர் பாராட்டிக் கடிதம் எழுதினார். திட்டம் பலித்ததா என்று மதிப்பிட ஆட்கள் வருகிறார்கள், அந்தப் பெண்ணை அழைத்து வா, உன் வேலையும் நிரந்தரமாகலாம் என்றது கடிதம்.

அதை எடுத்துக்கொண்டு ஓடினான். எல்லம்மா சுவரோரம் படுத்திருந்தாள். தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது.

"இது சோத்தப் பாவாடைல மறைச்சிக்கினு போயி ஏரில கொட்டுதுடா," என்றாள் குப்பம்மா. "உங்க டாக்டரு எழுதிக் குடுத்த தாளுதான் வேல செய்யுதுன்னு இல்ல நெனச்சேன்."

எல்லம்மா கண்ணைத் திறந்தாள். "அண்ணே, இருவத்தஞ்சுக்கு இன்னும் எத்தினி?"

அன்றைக்கே தோளில் தூக்கிப் படகேறினான். மருத்துவமனையில் திட்டத்தில் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்த குமாஸ்தா எரிந்து விழுந்தார்: "இது குண்டுப் பிள்ளைங்க சீட்டுய்யா. இந்த எலும்பை எதுக்கு இங்க தூக்கினு வந்தே?" வேறு வார்டில் சேர்க்கவே சாயங்காலம் ஆயிற்று. ஊட்டியதை வயிறு ஏற்கவில்லை. ஒன்பதாம் நாள் எல்லம்மா இறந்தாள்.

மதிப்பீட்டுக்காரர் படிவத்தை நீட்டினார். "எடை குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது சார். பிள்ளை செத்துப்போச்சு."

"அதுக்குத் தனிக் கட்டம் கிடையாது. குறைஞ்சுதுன்னு போடு."

அவன் போடவில்லை. பின்பக்கத்தில் தராசையும் சிரிப்பையும் தான் சொன்ன சொல்லையும் எழுதிக் கையெழுத்திட்டான். வேலை அதோடு போயிற்று. படிவத்தை அங்கே யாராவது திருப்பிப் பார்த்தார்களா, தெரியாது.

குப்பம்மாவிடம் போய் எழுதியதைச் சொன்னான். அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி கேட்டாள்.

"நீயுமா சிரிச்ச?"

"ஆமாக்கா."

"பி.எஸ்ஸி. படிச்சவன்னு நம்பி அனுப்பினேன்டா," என்றாள். அடுத்த வரிசைக் கருவாட்டைப் புரட்டத் திரும்பிக்கொண்டாள். தருமன் வெகுநேரம் நின்றான். அவள் மறுபடி அவன் பக்கம் பார்க்கவில்லை.