மணமேடை மேல் முசுறுக் கூடு

பிள்ளைகளா, அந்தக் கல்யாணத்துக்கு மணமேடை அலங்கரித்துவிட்டு வந்த அன்று அப்பா கை ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டீர்கள். சொல்லத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெரியகுளத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர் வீட்டுக் கல்யாணம். தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் பூ கூடாது, மகள் தோப்புக்குள் உட்கார்ந்து தாலி கட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

"கிளைய நம்ம தோப்புலருந்தே அனுப்புறேன் தம்பி. பூச்சி மருந்தே காட்டாத மரம்" என்று சொல்லும்போது அவருக்கு அத்தனை பெருமை.

மணமேடைக்கு மாங்கிளையால் கூரை வேய்ந்து, இடையிடையே கம்பம் ஊர்த் திராட்சைக் கொத்துகளைத் தொங்கவிட்டோம். இருப்பதிலேயே இலை அடர்ந்த கிளையை மணமக்கள் தலைக்கு நேர்மேலே வைத்தேன். உங்கள் அம்மா அதில் சம்பங்கிச் சரம் சுற்றினாள். கம்பி தெரிந்தால் அசிங்கம் என்று எல்லாவற்றையும் ஈர வாழைநாரில் கட்டினேன். வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம்.

காலையில் ஐயர் ஓமம் வளர்த்தார். புகை மேலே ஏறியது. மாப்பிள்ளை பிடரியைத் தட்டிக்கொண்டார். பெண்ணின் தோளில் சிவப்பாக ஏதோ ஊர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அது வெறும் இலை அடர்த்தி இல்லை. இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு, அந்தக் கடிக்கிற சிவப்பு எறும்பு, கட்டியிருந்த கூடு. ஈரத்தில் அடங்கிக் கிடந்தது புகை பட்டதும் கிளம்புகிறது. கூடு பிரிந்தால் அத்தனையும் பெண் தலையில்தான்.

"வெட்டி எடுத்துர்றேன்ணே" என்று பெண்ணின் அப்பா காதில் சொன்னேன். அவருடைய அக்கா கேட்டுவிட்டார்.

"ஏலே தம்பி, தாலி ஏறுமுன்ன பந்தல் பச்சையில கத்தி வைக்கிறதா?"

"எறும்பு புடுங்குனா மட்டும் நல்லாருக்குமாக்கா?" என்றார் பெண்ணின் அப்பா.

"அவுத்து எடுக்கச் சொல்லு. அறுக்கக் கூடாது."

அவிழ்ப்பது லேசா? நார் ஓமச் சூட்டில் காய்ந்து இரும்பாக இறுகியிருந்தது. பின்பக்கமாக ஏணி வைத்து ஏறினேன். நனைத்த வேட்டியைத் தொட்டில் போல ஏந்திக்கொண்டு உங்கள் அம்மா கீழே நாற்காலியில் ஏறி நின்றாள்.

"ஏங்க, கடிச்சாலும் கைய உதறிராதீக. புள்ள கண்ணுல விழுந்துரும்."

முடிச்சில் தண்ணீரை விட்டு நகத்தால் நெம்பினேன். எறும்பு முழங்கை வரை ஏறிவிட்டது. ஒவ்வொரு கடியும் நெருப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ, "என்னப்பா, மாப்ள இப்பவே நெளியிறாக!" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணே, போயிருச்சா?" மணப்பெண் உதடு அசையாமல் கேட்டது.

"நிமிராதம்மா."

ஐயர் தாலித் தட்டை எடுத்துவிட்டார். ஒரு முடிச்சு விட்டது. அடுத்தது வழுக்கியது. மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நார் இளகியதும் கிளையை அப்படியே வேட்டிக்குள் இறக்கினேன். உங்கள் அம்மா வேட்டியின் வாயைச் சுருட்டி முடிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது.

பெண்ணின் அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். அம்மாவைப் பந்திக்கு அனுப்பிவிட்டு, மூட்டையோடு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு வேப்பமரம் நின்றது. முடிச்சை அவிழ்த்து, சம்பங்கிச் சரத்தோடு அந்தக் கிளையை அதன் கவட்டையில் கூடு நசுங்காமல் சாய்த்து வைத்தேன்.